ஒரு சாவிக்கு இரண்டு உடுமலை

அணைத்துவிட்ட இயந்திரம் ஒன்று தொடர்ந்து வேலை செய்துகொண்டிருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பேய்க்கதை சொல்ல வரவில்லை. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணினி வலையமைப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவன் நான். முதுகு ஒத்துழைக்காததால் ஐம்பத்து மூன்று வயதிலேயே வேலையை விட்டுவிட்டேன். இப்போது என் நாற்காலியில் இருக்கும் பெண் சென்ற வாரம் போன் செய்தார். இனி இமேஜ் ஃபைல் எதையும் நாமே வைத்துக்கொள்ளப் போவதில்லை, எல்லாம் வாடகை சர்வரில் தானாக உருவாகித் தானாக மறையும், பழையவற்றை அழித்துவிடலாமா என்று கேட்டார். அழிக்கலாம் என்றேன். போனை வைக்கும் முன், "ஒரு ஃபைல்தானுங்களே சார், அதுக்கு எதுக்குங்க அத்தனை கட்டுக்காவல் போட்டு வெச்சிருந்தீங்க?" என்றார். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ படித்தவன். முதல் பல ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஏணி, கேபிள், டெஸ்டர், ஒரு பைக். எங்கள் நிறுவனத்துக்குத் தலைமை அலுவலகம் திருப்பூரில். நிட்டிங், சாயம், கட்டிங், தையல் என்று சுற்றிலும் யூனிட்டுகள். கடைசியாகத் தொடங்கிய தையல் யூனிட் உடுமலைப்பேட்டையில். ஒவ்வொரு யூனிட்டிலும் ரவுட்டர் ஒரு பெட்டி, ஃபயர்வால் ஒரு பெட்டி. தையல் ஓடுகிற இடத்தில் பஞ்சுத் தூசி காற்றோடு காற்றாக மிதக்கும். அது பெட்டிகளின் விசிறியில் போய் அடைத்துக் கம்பளித் தொப்பி போட்டதுபோல் ஆகிவிடும். பெட்டி சூடேறி நின்றுவிடும். நான் போய் பிரஷ்ஷால் தட்டிவிட்டு வருவேன். என் வேலையே அதுதான் என்று என் பிள்ளைகள் நம்பியிருந்தார்கள்.

பிறகு பெட்டிகள் போயின. யூனிட்டில் ஒரு கண்ணாடி அறைக்குள் ஒரு நல்ல சர்வர் இருந்தால் போதும். ரவுட்டர், ஃபயர்வால் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே மெய்நிகர் இயந்திரங்களாக ஓட்டலாம் என்று வந்தது. அவற்றைக் கையால் தொட முடியாது. ஆனால் பெட்டி செய்த வேலை அனைத்தையும் செய்யும். இப்படிப்பட்ட ஓர் இயந்திரம் ஓடாமல் இருக்கும்போது வெறும் ஃபைல். அதைத்தான் இமேஜ் என்கிறோம். அதை நகலெடுத்து இன்னொரு சர்வரில் வைத்து இயக்கினால் அங்கேயும் அதே இயந்திரம் கண் விழிக்கும். அதே பெயர், அதே முகவரி, அதே கடவுச்சொல். தான் ஒரு நகல் என்பது அதற்குத் தெரியாது. வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

எங்கள் துறைத் தலைவர் பொன்னுசாமி சார். கணினிப் பக்கம் வரும் முன் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர். யாராக இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். சர்வர் நின்றுபோனால் அதனிடமே "ஏனுங்க நின்னுட்டீங்க" என்று கேட்பார் என்று நாங்கள் கேலி செய்வோம். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா" என்று அவர் மெதுவாகக் கேட்டால் யாரோ பெரிய தப்பு செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

பின்னலாடைத் தொழிலில் சீல் சாம்பிள் என்று ஒன்று உண்டு. வாங்குகிறவர் ஒரே ஒரு உடையை ஒப்புக்கொண்டு முத்திரை வைத்துக் கொடுப்பார். அதற்குப் பிறகு தைக்கிற ஆயிரக்கணக்கான உடைகளும் அதைப் போலவே இருக்க வேண்டும். அதை யாரும் போட்டுப் பார்க்க மாட்டார்கள், துவைக்க மாட்டார்கள். அலமாரியிலிருந்து அளவெடுக்க எடுத்தால்கூடக் கையெழுத்துப் போட வேண்டும். பொன்னுசாமி சார் இந்த முறையை அப்படியே இமேஜுக்குக் கொண்டுவந்தார்.

புதிய இமேஜ் வந்தால் முதலில் வெளித்தொடர்பு எதுவும் இல்லாத ஒரு சர்வரில் ஓட்டிப் பார்ப்போம். சரியாக இருந்தால் அதைக் கழுவ வேண்டும். அதாவது, சோதனையின்போது ஏறிய பெயர், முகவரி, கடவுச்சொல், இரகசியச் சாவி எல்லாவற்றையும் நீக்கி, முதல் முறை இயங்கும்போது "நான் யார்" என்று அதுவே கேட்கும்படி செய்துவிட வேண்டும். பிறகு அந்த ஃபைலின் கைரேகையை எடுப்போம். ஃபைலிலிருந்து கணக்கிட்டு வருகிற நீண்ட எழுத்துக்கோவை அது. ஃபைலில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முழுவதும் மாறிவிடும். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் சரிபார்ப்போம். அவசரத்தில் நான் வேகமாகப் படித்தால், "ரயிலுக்கு நேரமாச்சுங்களா" என்பார் பொன்னுசாமி சார். கடைசியில் யாரும் எழுத முடியாதபடி இமேஜைப் பூட்டுவோம். யூனிட்டுகளுக்குப் போவது அதன் நகல் மட்டுமே. சாவியை அந்தந்த யூனிட்டில் இருப்பவரே உருவாக்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சாவியைக் காட்டித்தான் யூனிட் தலைமை அலுவலகத்தோடு இணையும். உடுமலையின் சாவியைக் காட்டினால் அது உடுமலை. வேறு அடையாளம் எதுவும் கேட்பதில்லை.

ஓடிக்கொண்டிருக்கிற இயந்திரத்திலிருந்து நேராக நகலெடுப்பதை அவர் அறவே அனுமதிக்க மாட்டார். "ஒருத்தரு போட்டுக் கழட்டுன சட்டைய சீல் வெக்கற மாதிரிங்க அது. அழுக்கோடயே போகுமுங்க" என்பார்.

உடுமலை யூனிட்டின் கணினிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் முத்துலட்சுமி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். கணவர் அதே யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். ஒரே மகள் எட்டாம் வகுப்பு. நிறுவனத்தின் குடியிருப்பில் இருந்தார்கள். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். "ஒங்க ஊர்ல ஆளத் திட்டுனாக்கூட 'ங்க' போட்டுல்லா திட்டுதாங்க" என்று பொன்னுசாமி சார் இல்லாத நேரம் பார்த்துச் சொல்வார். உடுமலையின் சாவி அவர் ஒருவரிடம்தான் இருந்தது.

அந்த ஆண்டு உடுமலைத் தொடர்பு அறுந்து அறுந்து வர ஆரம்பித்தது. காலையில் நன்றாக இருக்கும். யூனிட் வேலை சூடு பிடிக்கும்போது போகும், வரும், மறுபடி போகும். முத்துலட்சுமி தினமும் புகார் சொல்வார். பிராட்பேண்ட் நிறுவனத்தை மாற்றிப் பார்த்தோம். கேபிளை மாற்றினோம். ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகள் மேல்கூடப் பழி போட்டோம்.

இதற்கிடையில் நிறுவனத்துக்கு ஆர்டர்கள் கை நழுவின. நாங்கள் என்ன விலை சொன்னாலும் அதற்கு மயிரிழை கீழே இன்னொருவர் சொல்கிறார், உங்கள் விலைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுவதுபோல் இருக்கிறது என்று வாங்குகிறவரின் ஏஜெண்ட் முதலாளியிடம் சொல்லிவிட்டார். விலைத்தாள்கள் இருக்கிற ஃபோல்டரை யார் யார் திறந்தார்கள் என்று முதலாளி கேட்டார். பதிவை எடுத்துக் கொடுத்தது நான். திறந்தவர்களில், ஆர்டர் பேசி விலை போடும் மெர்ச்சண்டைசர்கள் போக, நாள்தோறும் உடுமலையிலிருந்தும் திறக்கப்பட்டிருந்தது. தையல் யூனிட்டுக்கு விலைத்தாளில் வேலையே இல்லை. உடுமலையின் சாவி யாரிடம் என்ற கேள்விக்கு ஒரே பெயர்தான் பதில்.

நான் விசாரணை நடக்கும், அவர் பேச்சைக் கேட்பார்கள் என்று நினைத்தேன். விசாரணை நடந்தது. ஆனால் அது முடியும் முன்பே உடுமலையில் ஷிப்ட் தொடங்கும்போது மைக்கில் அறிவித்துவிட்டார்கள்: கம்பெனி இரகசியத்தை வெளியே கொடுத்த சந்தேகத்தின் பேரில் முத்துலட்சுமி இடைநீக்கம் செய்யப்படுகிறார், அவரோடு யாரும் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. மாதக் கடைசிக்குள் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு மனிதரின் பெயரைக் கெடுக்க அவ்வளவு நேரம்தான் ஆகும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. விசாரணையில் பொன்னுசாமி சார் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மேசையைப் பார்த்தபடியே இருந்தார். ஒரே ஒரு முறை, அந்தப் பெண்ணிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமே என்றார். அடுத்த தாளுக்குப் போய்விட்டார்கள். அவரும் வற்புறுத்தவில்லை.

பொறுப்பை ஒப்படைப்பதற்காக முத்துலட்சுமியை ஒரு நாள் வரவழைத்திருந்தார்கள். எச்.ஆர். அதிகாரி அவர் பக்கத்திலேயே நின்றார். நான் திருப்பூரிலிருந்து போனில். பாஸ்வேர்டுகள், சாவிகள் என்று வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் அவர் கேட்டார்: "அண்ணாச்சி, நான் எடுத்தேன்னு நீங்க நம்புதீங்களா?"

பதிவில் அப்படி இருக்கிறது என்றேன்.

"பதிவுல என்ன இருக்குன்னு நான் கேக்கல. நீங்க நம்புதீங்களான்னு கேட்டேன்."

நான் பட்டியலில் அடுத்த பாஸ்வேர்டைக் கேட்டேன். அவரே தொடர்ந்தார். "சரி, விடுங்க. போறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். இந்த லைன் அறுந்து அறுந்து வருதுல்லா, அமாவாசையன்னைக்கு மட்டும் ஒரு தடவகூட அறுத்ததில்ல பாத்துக்கிடுங்க. எங்க வாட்ச்மேன் இது பேயின்னு சொல்லுதாரு. பேயின்னா அமாவாசைக்குல்லா வரணும்? இது என்ன பேயி, அமாவாசைக்கு லீவு போடுது?"

எச்.ஆர். அதிகாரி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று அப்போது தெரியவில்லை. ஒப்படைப்பின் கடைசிப் படியாக உடுமலையின் இயந்திரத்தை முழுவதும் நிறுத்தி, புதியவரின் பாஸ்வேர்டோடு மறுபடி இயக்க வேண்டும். அணையுங்கள் என்றேன்.

"அணைச்சுட்டேன் அண்ணாச்சி."

என் திரையில் யூனிட்டுகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். இணைப்பில் இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. உடுமலை பச்சையாகவே இருந்தது. திரை பழசாக நின்றுவிட்டதோ என்று புதுப்பித்துப் பார்த்தேன். பச்சை. சர்வரின் மின்சாரத்தையே எடுத்துவிடச் சொன்னேன். "பிளக்கப் புடுங்கி என் கையில வெச்சிருக்கேன்" என்றார் முத்துலட்சுமி. எச்.ஆர். அதிகாரி, "ஆமாங்க, ரூமே இருட்டா இருக்குது" என்றார்.

உடுமலை பச்சையாகவே இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடுமலையிலிருந்து யாரோ ஒருவர் குழந்தைகள் ஆடைக்கான விலைத்தாளைத் திறந்தார்.

நான் பல ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறவன். சாதாரண நாளுக்கே பக்கம் நிறைய எழுதுவேன். அன்றைய பக்கத்தில் ஒரு வரிதான் இருக்கிறது: இரண்டு இருக்கிறது.

யூனிட்டுகள் இணையத்தின் எந்த வெளிமுகவரியிலிருந்து இணைகின்றன என்பதை நாங்கள் சேமித்து வைப்பதில்லை. பிராட்பேண்டில் அது அடிக்கடி மாறும் என்பதால் பயனில்லை என்று விட்டிருந்தோம். அன்று அதைப் பதிவு செய்யும்படி வைத்தேன். முத்துலட்சுமியை மறுபடி இயக்கச் சொன்னேன். ஒரே சாவியோடு இரண்டு வேறு வெளிமுகவரிகள் மாறி மாறி வந்தன. யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவரே உடுமலை என்று தலைமை அலுவலகம் எடுத்துக்கொண்டு மற்றவரைத் துண்டித்திருக்கிறது. துண்டிக்கப்பட்டவர் மறுபடி பேச, இவர் துண்டிக்கப்பட்டிருக்கிறார். லைன் அறுந்து அறுந்து வந்தது அதனால்தான். அமாவாசையன்று அறுக்காததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்: அன்று இன்னொரு உடுமலை ஓடுவதில்லை.

இந்தக் காலத்தில் அமாவாசைக்கு ஓடாத கம்பெனி எது? எங்கள் முதலாளி நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் தாத்தா காலத்தில் அமாவாசையன்று தறி ஓடாது. கப்பல் அமாவாசை பார்த்துப் புறப்படுவதில்லை என்று முதலாளி அந்த வழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டார். ஆனால் அவர் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை, அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர், இன்றும் விடவில்லை. அமாவாசையன்று மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு முருகன் கோயிலுக்குப் போய்விடுவார்கள். இரண்டு கம்பெனிக்கும் இடையே எதுவும் இரவல் போகும், வரும். ஜெனரேட்டர், ஊசி, டேபிள். எல்லாம் கேட் பாஸோடு. ஆனால் இமேஜ் எதுவும் அங்கே போனதாக எனக்குத் தெரியாது.

நான் நேராகப் பொன்னுசாமி சார் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். "சார், உடுமலை ரெண்டு இருக்குதுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அனுப்பர்பாளையத்துலதானுங்க" என்றார்.

நான் அனுப்பர்பாளையம் என்று இன்னும் சொல்லியிருக்கவில்லை.

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். மாப்பிள்ளை, உங்களுடையதைப் போலவே எங்களுக்கும் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறார். தங்கை மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. பொன்னுசாமி சார் கழுவிய இமேஜைத் தருவதாகச் சொன்னார். அதை அமைத்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. போட்டவுடனே ஓட வேண்டும், ஓடுகிற ஒன்றையே கொடுத்துவிடுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். நாங்கள் கடைசியாக அமைத்தது உடுமலை. அதைச் சாவியோடு அப்படியே நகலெடுத்து, அவர்கள் கொண்டுவந்த ஹார்டு டிஸ்கில் போட்டுக் கொடுத்துவிட்டார். பெயரையும் சாவியையும் மாற்றிக்கொள்ளும்படி வாயால் சொல்லி அனுப்பினார். அங்கே யாரும் மாற்றவில்லை. மாற்றாமலே ஓடியபோது எதற்கு மாற்ற வேண்டும்? அங்கே கண் விழித்த இயந்திரம் தன்னை உடுமலை என்றே நம்பித் திருப்பூரைக் கூப்பிட்டது. அந்தக் கம்பெனியின் கணினிகள் எல்லாம் அதன் வழியாகத்தான் வெளியே போகும். உடுமலைக்குத் திறக்கிற கதவுகள் எல்லாம் அவர்களுக்கும் திறந்தன.

கேட் பாஸ் போடவில்லையா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"எதுக்குங்க போடறது? டிஸ்கு அவங்களுது. நம்முளுது ஒண்ணும் கொறையலீங்களே."

இதெல்லாம் எப்போது தெரிந்தது என்றேன்.

"விசாரணை ஆரம்பிச்ச மறுநாளுங்க. அறுந்து அறுந்து வருதுன்னு நீங்க சொன்னத யோசிச்சுப் பாத்தேன்."

அவ்வளவு நாளும் சும்மா இருந்தீர்களா என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "அது முதலாளியோட தங்கச்சி ஊடுங்க. இது வெளிய வந்தா அண்ணனும் தங்கச்சியும் சாகற வரைக்கும் மூஞ்சி பாக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணு கெட்டிக்காரிங்க. திருப்பூர்ல நாளைக்கே இன்னொரு எடத்துல சேந்துக்குவா. ஒறவு அப்புடி இல்லீங்களே."

ஒரு சீல் சாம்பிளைக் கையெழுத்தில்லாமல் அலமாரியை விட்டு எடுக்க விடாத மனிதர், கணக்குப் போட்டு ஒரு பெண்ணின் பெயரைக் கொடுத்து ஓர் உறவை வாங்கியிருந்தார். அதையும் 'ங்க' போட்டுச் சொன்னார். நான் அவரிடமிருந்து கற்ற ஒவ்வொன்றும் அந்த அறையில் கண்முன்னால் வந்து நின்றது. முதலாளியிடம் சொல்லப் போகிறேன் என்று எழுந்தேன். தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். "சொல்லுங்க. நானும் வர்றனுங்க" என்று செருப்பைத் தேடினார்.

முதலாளி பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "காப்பிதானுங்களே குடுத்தோம்? நம்முளுது நம்மகிட்டயேதான இருக்குது" என்றார். நம்புகிறவராகத் தெரியவில்லை. லேப்டாப்பை அவர் மேசையில் வைத்து உடுமலை பச்சையாக இருப்பதைக் காட்டினேன். உடுமலை சர்வரை அதற்கு முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தேன். மாப்பிள்ளைக்கு போன் செய்யும்படி கேட்டுக்கொண்டேன். ஸ்பீக்கரில் போட்டார். சாப்பிட்டாச்சா, குழந்தைகள் எப்படி என்று விசாரித்துவிட்டு, அந்த சர்வரை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள் என்றார்.

உடுமலை சிவப்பானது.

மறுபடி போடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பச்சையானது. முதலாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏனுங்க மாப்ள, எங்க விலை ஃபோல்டரு உங்களுக்குத் தெரியுதுங்களா?" என்று கேட்டார்.

"தெரியுதுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை. குரலில் எந்தத் தயக்கமும் இல்லை. "பாத்து விலை போட்டுக்கட்டும்னு நீங்களேதான் தெறந்து விட்டிருக்கீங்கன்னு நெனச்சமுங்க. நம்ம ரெண்டு பேரும் ஒரே குடும்பந்தானுங்களே."

முதலாளி, சரிங்க மாப்ள, அப்புறம் பேசலாம் என்று போனை வைத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. சாவியை மாற்றிவிடுங்கள், அந்தப் பெண்ணை நாளை மறுநாள் வேலைக்கு வரச் சொல்லுங்கள், விஷயம் இந்த அறையைத் தாண்டக் கூடாது என்று மூன்று வேலைகளையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்தார். நாங்கள் வெளியே வந்தோம். எனக்கு அன்று நடந்ததிலேயே அதிகம் நடுக்கம் கொடுத்தது அந்தச் சாதாரணம்தான்.

கழுவிய புதிய இமேஜையும் புதிய சாவியையும் அமைப்பதற்காக நானும் பொன்னுசாமி சாரும் உடுமலைக்குப் போனோம். நான் மட்டும் போயிருக்கலாம். அவர் வருவதாகச் சொன்னார். ஷிப்ட் தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். முத்துலட்சுமி மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் கணவர் தூரத்தில் கட்டிங் மேசை அருகில், துணியைப் பார்ப்பதுபோல் குனிந்திருந்தார். தையல் லைன்கள் ஓட ஆரம்பித்திருந்தன.

எச்.ஆர். அதிகாரி தாளைப் பார்த்து வாசித்தார்: "முத்துலட்சுமி விடுப்பு முடிந்து இன்று பணிக்குத் திரும்புகிறார்."

அவர் மைக்கை அணைப்பதற்குள் முத்துலட்சுமி கேட்டுவிட்டார். "லீவுலயா சார் இருந்தேன்?"

குரல் ஹால் முழுவதும் கேட்டது. அவர் நகரவில்லை. "அன்னைக்கு இதே மைக்குல திருடின்னு சொன்னீங்கள்லா சார். இன்னைக்கு லீவுன்னு சொல்லுதீங்க. எம் மவ பள்ளிக்கூடத்துக்குப் போயி எத்தன நாளாச்சு தெரியுமா? எது நெசம்னு இவங்க எல்லாருக்கும் சொல்லிட்டு வேலைக்குக் கூப்பிடுங்க."

முதல் லைனில் ஒரு மெஷின் நின்றது. பிறகு பக்கத்தில் ஒன்று. யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. ஒடிசாவிலிருந்து வந்த பெண்களுக்கு அவர் பேசியது எவ்வளவு புரிந்ததோ தெரியாது; அவர்களும் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டார்கள். அந்த ஹாலில் விசிறிச் சத்தம் கேட்டு நான் அதுவரை அறிந்ததில்லை. அன்று கேட்டது. எச்.ஆர். அதிகாரி எங்களைப் பார்த்தார்.

பொன்னுசாமி சார் போய் மைக்கை வாங்கினார்.

"அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்லீங்க" என்றார். "உடுமலை மெஷினைக் காப்பி எடுத்து வெளிய குடுத்தது நான். குடுக்கச் சொன்னது முதலாளி. போன எடம் முதலாளியோட தங்கச்சி கம்பெனி. விலையெல்லாம் பாத்தது அங்க இருந்துதானுங்க. இது எனக்கு விசாரணை ஆரம்பிச்ச மறுநாளே தெரியுமுங்க. தெரிஞ்சுமே சும்மா இருந்தேன்."

மைக்கை மேசையில் வைத்தார். அவர் முதலாளியையும் சேர்த்துச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. மத்தியானத்துக்குள் முதலாளி என்னைத் தனியாக போனில் கூப்பிட்டார். உடுமலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பொன்னுசாமியின் பாஸ்வேர்டை எல்லாம் எடுத்தாகிவிட்டதா என்று மட்டும் கேட்டார். எடுக்கச் சொல்வது போலவே இருந்தது அந்தக் கேள்வி. முதலாளியின் தங்கை அந்தத் தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்கு வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதில் பொன்னுசாமி சார் கணக்கு தப்பவில்லை.

அவர் உடுமலையிலிருந்து என்னோடு திரும்பவில்லை, பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றார். போகும் முன் முத்துலட்சுமி அவரை வாசலில் மறித்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"மைக்குல சொன்னீங்கள்லா சார், அது பெரிய விசயம்தான்" என்றார் முத்துலட்சுமி. "ஆனா மறுநாளே தெரிஞ்சிருக்கு. அதுக்கு நான் என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியல."

"ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க" என்றார் அவர். கை கூப்பினார். கேட்டைத் தாண்டிப் பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார். முத்துலட்சுமி கை கூப்பவில்லை. அவர் போவதைப் பார்த்துக்கொண்டும் நிற்கவில்லை.

சர்வர் அறையில் புதிய இயந்திரத்தை இயக்கினோம். அது "நான் யார்" என்று கேட்கிற இடத்துக்கு வந்தது. புதிய சாவியை உருவாக்க வேண்டியவர் யூனிட் பொறுப்பாளர். நான் நாற்காலியை முத்துலட்சுமி பக்கம் தள்ளினேன். அவர் உட்காரவில்லை.

"இனிமே இந்தச் சாவிய நான் மட்டும் வெச்சுக்க மாட்டேன் அண்ணாச்சி. இன்னொருத்தரும் கூட வெச்சிருக்கட்டும். நாளைக்கு ஒண்ணுன்னா ரெண்டு பேரைச் சந்தேகப்படட்டும். எனக்குத் துணைக்கு ஒரு ஆளாவது இருக்கும்லா."

யாரைப் போடலாம் என்று கேட்டேன். எச்.ஆர். ஆட்களில் ஒருவர், அல்லது யூனிட் மேனேஜர் என்று நானே இரண்டு பெயர் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். "பதிவ எடுத்துக் குடுத்தது யாரு? நீங்கதான அண்ணாச்சி. உக்காருங்க."

நான் உட்கார்ந்தேன்.